பேட்டைத் தெருவின் வேகத்தடை

பேட்டைத் தெருவில் போட்ட வேகத்தடை முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தது அந்த வருஷம் சித்திரை மாதம், அம்மன் கோயில் கொடை விழா முடிந்த மறு வெள்ளிக்கிழமை. அன்றைக்குக் காலையில் டீக்கடை இசக்கிப்பாண்டி அண்ணாச்சி, தன் கடை பெஞ்சின் ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, இன்னொரு பக்கத்துக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தார். மறுவாரம் இரண்டு செங்கல் வைத்தார். அதற்கும் அடுத்த வாரம் பெஞ்சையே தூக்கி வேகத்தடையின் மேல் போட்டுவிட்டு, இனிமேல் கடை இங்கேதான் என்று டீ ஆற்ற ஆரம்பித்தார். யாரும் அதை அதிசயம் என்று சொல்லவில்லை. பதினோரு வருஷம் கேட்டு வாங்கிய வேகத்தடை, விட்டுப்போன பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து வளர்கிறது என்றுதான் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

நான் அப்போது எங்கள் பனங்குறிச்சியில் சாலை அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். பேட்டைத் தெருவின் கிழக்குக் கோடியில் குடியிருந்தேன். தெருவில் நடந்ததும் தெரியும், கோப்பில் நடந்ததும் தெரியும். ஓய்வு பெற்று மகள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் இந்த நாளில், இரண்டையும் சேர்த்துச் சொல்ல என்னைவிட்டால் ஆள் இல்லை.

எண்பத்தாறாம் வருஷம், உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றி வந்த லாரி ஒன்று, எலுமிச்சம்பழக் கூடையோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்த பாக்கியதுரையைப் பழைய பருத்தி மில் எதிரில் அடித்துவிட்டது. அந்தக் காலத்தில் உப்பு லாரிகள் எங்கள் தெரு வழியாகத்தான் போகும், விடிந்ததிலிருந்து வரிசையாகப் போகும், தெருவின் இரண்டு ஓரமும் வெள்ளையாக உப்பு சிந்திக் கிடக்கும். பாக்கியதுரையின் மனைவி தங்கபுஷ்பம் அக்கா, பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைத்தவர், முப்பதாம் நாள் காரியம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஒரு மனு கொடுத்தார். மில்லுக்கு எதிரில் ஒரு வேகத்தடை போட வேண்டும், அவ்வளவுதான் கேட்டிருந்தார். எழுத்து அச்சடித்ததுபோல் இருந்தது.

மனுவை வாங்கி நம்பர் போட்டவன் நான். உதவிப் பொறியாளர் கோலப்பன் சார் படித்துப் பார்த்துவிட்டு, விதிகள் புத்தகத்தைப் புரட்டி, ஒரே இடத்தில் மூன்று மரணம் நிகழ்ந்திருந்தால்தான் வேகத்தடைக்குப் பரிந்துரைக்கலாம் என்று எனக்குச் சொல்லி அப்படியே பதில் தட்டச்சு செய்யச் சொன்னார். நானும் செய்தேன். பதிலை வாங்கிப் படித்த தங்கபுஷ்பம் அக்கா என் மேஜைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

“அப்போ இன்னும் ரெண்டு பேரு சாகணுமா தம்பி?”

“விதி அப்படி இருக்குக்கா.”

“எந்த ரெண்டு பேருன்னு அதுல போட்டிருக்கா?”

 அதற்கப்புறம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் வந்தார். மழையிலும் வந்தார், காய்ச்சலோடும் வந்தார், பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் தலைக்கு மேலே தையல் கிடக்கும்போதும் வந்தார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற இரண்டு சொல்லை அவருக்காக நான் எத்தனை தடவை அடித்திருப்பேன் என்று கணக்கில்லை. இதற்கிடையில் மில் எதிரில் ஒரு பால்காரரும், பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பிய ஒரு பெரியவரும் லாரியில் அடிபட்டுப் போனார்கள். மூன்று ஆகிவிட்டது என்று நான் கோப்பில் எழுதி மேலே அனுப்பினேன். எழுதும்போது, வேலை முடிந்தது என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தொண்ணூற்றைந்தில் ஊருக்கு வெளியே பைபாஸ் ரோடு வந்தது. உப்பு லாரிகள் ஒரே நாளில் எங்கள் தெருவை விட்டுப் போயின. இரண்டு வருஷம் கழித்து, தொண்ணூற்றேழு மார்ச்சில், பேட்டைத் தெருவில் வேகத்தடை அமைக்க உத்தரவு வந்தது.

தங்கபுஷ்பம் அக்காவைக் கூப்பிட்டு உத்தரவைக் காட்டினோம். அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

“சார், இப்போ நம்ம தெருவுல லாரியே வரலையே. பைபாஸ்ல பள்ளிக்கூடத்துக்குத் திரும்புற விலக்குப் பக்கம் போன மாசம் ஒருத்தரு அடிபட்டிருக்காவ. அங்கன கொண்டுபோய்ப் போட்ருங்களேன்.”

கோலப்பன் சார் கெட்டவர் இல்லை. அவர் அந்தத் தாளை எடுத்து, இடத்தின் பெயர் இருந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். “பேட்டைத் தெருன்னு வந்திருக்கும்மா. வேற இடத்துல போட்டா, போட்டதாவே ஆகாது. மார்ச்சுக்குள்ள போடலைன்னா உத்தரவு செத்துப் போகும்.”

மார்ச் முப்பதாம் தேதி போட்டார்கள். ஜல்லியும் தாரும் கொட்டி, உருளை ஓட்டி, மேலே வெள்ளைக் கோடு இழுத்தார்கள். அன்று முழுக்க அதைத் தாண்டிப் போனது இரண்டு ஆடும் இசக்கிப்பாண்டி அண்ணாச்சியின் சைக்கிளும்தான். தங்கபுஷ்பம் அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய் மிஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

ஏப்ரலில் அது வளர ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஒரு விரல்கடை. வெள்ளைக் கோடும் கூடவே வளர்ந்தது, யாரும் பூசாமலே புதுசாகவே இருந்தது. முழங்கால் உயரம் வந்தபோது சைக்கிள்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போயின. இடுப்பு உயரம் வந்தபோது ஆட்டோக்காரர்கள் கிழக்குத் தெரு, மேற்குத் தெரு என்று இரண்டு வாடகை சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருநாள் காலையில் இசக்கிப்பாண்டி அண்ணாச்சி கடப்பாரையோடு வந்து நின்றார். நான் அலுவலகத்துக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

“நாலு பேரு சேந்தா ஒரு நாள் வேலை தம்பி. பேத்து ஓரமாப் போட்டுட்டு அவனவன் சோலியப் பாக்கலாம்.”

“அண்ணாச்சி, அது அரசாங்கச் சொத்து. கைவச்சா கேஸ் ஆயிரும்.”

“வழியில கல்லு கெடந்தா எடுத்துப் போட மாட்டோமா?”

“கல்லு வேற, இது வேற. இது பதிவேட்டுல ஏறியிருக்கு. எடுக்கணும்னா மனு குடுங்க.”

அவர் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு நான் பேசாமல் என் வழியில் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஒரு விஷயத்துக்கு எது நியாயம் என்று தோன்றுகிறதோ அதைச் செய்வதற்கு முன்னால் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று பார்க்கிற புத்தி, நாற்காலியில் உட்கார்ந்த பத்தே வருஷத்தில் எனக்கு வந்திருந்தது. என்னைக் கேட்டுக் கேட்டுத் தெருவுக்கும் வந்துவிட்டது.

மனு எழுதத் தெரிந்தவர் தெருவில் ஒருவர்தான். நாற்பது பேர் சேர்ந்து தங்கபுஷ்பம் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றோம். கேட்கச் சங்கடமாக இருந்தது. இசக்கிப்பாண்டி அண்ணாச்சிதான் சொன்னார், “யம்மா, அத எடுக்கச் சொல்லி ஒண்ணு எழுதணும்.”

அக்கா நூலைக் கடித்து அறுத்துவிட்டு எங்களைப் பார்த்தார். “நான் கேட்டது அரை அடி. அதுவும் எப்போ கேட்டேன்.” பிறகு மிஷின் மேலேயே தாளை வைத்து, அந்த அச்சடித்த எழுத்தில், வேகத்தடையை அகற்றித் தருமாறு எழுதி, முதல் கையெழுத்தைத் தானே போட்டார். அவருக்கு அடியில் நாங்கள் எல்லோரும் போட்டோம். திங்கட்கிழமை அதற்கு நானே நம்பர் போட்டேன்.

அதற்குள் வேகத்தடை ஓட்டுக்கூரை உயரத்துக்கு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் பருத்தி மில்லின் காலி இடம் கிடந்ததால் ஒரு வீட்டையும் இடிக்காமல் நிதானமாக அகன்று, நிதானமாக உயர்ந்து, மறுவருஷம் ஆடி பிறக்கையில் ஒரு பனை உயரமும், அடுத்த ஆடியில் இரண்டு பனை உயரமும், அதற்கடுத்த ஆடியில் மூன்று பனை உயரமும் வந்து அப்படியே நின்றது. அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, ‘வேகத்தடை உள்ளது, மெதுவாகச் செல்லவும்’ என்று அடிவாரத்தில் ஒரு பலகை நட்டார்கள். மேலிருந்து சைக்கிள்கள் வேகமாக இறங்குகின்றன என்று புகார் வந்ததால், அடிவாரத்தில் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு சின்ன வேகத்தடைகள் போட்டார்கள். அவை வளரவில்லை, வளருமோ என்று தெருவே ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வு. கோலப்பன் சார் மூச்சு வாங்க மேலே ஏறுவார், இசக்கிப்பாண்டி அண்ணாச்சியின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடிப்பார், படிவத்தில் உயரம் என்ற இடத்தில் பத்து சென்டிமீட்டர் என்று எழுதுவார். முதல் வருஷம் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். “அந்தக் கட்டத்துல ரெண்டு எண்ணுக்குத்தான்யா இடம் இருக்கு,” என்றார். நான் அதைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து அனுப்பினேன்.

கடலை முதலில் பார்த்தது தங்கபுஷ்பம் அக்காதான். மேற்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறிய ஒரு தை மாதக் காலையில், உச்சிக்கு வந்து மூச்சு வாங்க நின்றவர் திரும்பிக் கிழக்கே பார்த்தார். பதினொரு கிலோமீட்டர் தள்ளிக் கடல் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், அதன் உப்பைத் தின்றிருக்கிறோம், அதன் லாரியில் அடிபட்டிருக்கிறோம். ஆனால் தெருவில் நின்று அதைப் பார்க்கலாம் என்று, உச்சியிலேயே டீ ஆற்றிய அண்ணாச்சி உட்பட, யாருக்கும் தோன்றியதில்லை. பனங்காட்டுக்கு அப்பால் உப்பளம் பாத்தி பாத்தியாகக் கண்ணாடிபோல் மின்ன, அதற்கும் அப்பால் நீலமாக ஒரு கோடு. அவர் மூட்டையை இறக்கி வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் வரை இறங்கவில்லை. தேடிப்போன என்னிடம், “கடல் தெரியுது தம்பி,” என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் அது வேகத்தடை இல்லை, மேடு. நாங்கள் அதன்மேல் வாழப் பழகினோம். தார்ச்சரிவில் வடகம் ஒரே பகலில் காய்ந்தது, புளி காய்ந்தது, துவைத்த போர்வை காய்ந்தது. காலையில் அதன் நிழல் மேற்கு வீடுகளின் மேலும் மாலையில் கிழக்கு வீடுகளின் மேலும் விழ, யாருக்கு நல்ல நிழல் என்று இரண்டு பக்கத்துக்காரர்களும் சண்டைபோட்டு, சண்டைபோட்டதிலேயே நெருங்கி, இரண்டு கல்யாணம் முடிந்தது. பிள்ளைத்தாய்ச்சியை நார்க்கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் கடக்கும்போது உச்சியிலேயே ஒரு பெண்குழந்தை பிறந்து, முதல் மூச்சில் கடல்காற்றைக் குடித்தது. மத்தியான வெயிலில் தார் இளகும்போது ஏறியவர்களின் காலடி அதில் பதிந்து அப்படியே இறுகியது; யாருடைய காலடி எது என்று எங்களுக்கு அடையாளம் தெரியும், வெளியூருக்குப் படிக்கப் போன பிள்ளையின் காலடி மேல் அம்மாக்கள் காலை வைத்துப் பார்ப்பார்கள். தங்கபுஷ்பம் அக்கா தினமும் சாயங்காலம் உச்சியில் உட்கார்ந்து சீருடைச் சட்டைகளின் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பார். முதல் ஒரு வருஷம் அவர் உப்பளத்தைப் பார்க்க மாட்டார், முகத்தை வடக்கே திருப்பிக்கொள்வார். அப்புறம் பார்க்க ஆரம்பித்தார். “அவுகள அடிச்ச உப்பு இவ்வளவு அழகா கெடக்கு பாருங்க,” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். கோபம் இல்லாமல் சொன்னார்.

எடுக்கச் சொல்லிக் கொடுத்த மனுவை நாங்கள் மறந்துபோனோம். கோப்பு மறக்கவில்லை.

இரண்டாயிரத்தெட்டில், நிலுவையில் இருக்கும் மனுக்களையெல்லாம் மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்தது. கோலப்பன் சார் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். அந்த நாற்காலியில் ஹசீனா மேடம் என்று ஒரு இளவயதுப் பொறியாளர் வந்திருந்தார், வேலையில் சுறுசுறுப்பானவர். பழைய கட்டுகளைப் பிரித்ததில் பேட்டைத் தெரு மனு மேலே வந்தது. பதினோரு வருஷ நிலுவை. அகற்றலாம் என்று இரண்டே நாளில் அனுமதி வந்தது.

அந்தக் கோப்பை நான் என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். என் வேலைக்காலத்தில் ஒரு கோப்பை வேண்டுமென்றே நிறுத்தி வைத்தது அது ஒன்றுதான். எத்தனையோ கோப்புகள் எனக்குத் தெரியாமலே என் மேஜையில் வருஷக்கணக்கில் தூங்கியிருக்கின்றன. இது மூன்றாம் நாள் விழித்துக்கொண்டது. அதன் நகல் வேறு பிரிவுக்குப் போயிருந்தது, அந்தப் பிரிவு இயந்திரத்துக்குச் சொல்லியிருந்தது, ஹசீனா மேடம் என்னைக் கூப்பிட்டு, “மூலக் கோப்பு எங்கே சார்?” என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

தங்கபுஷ்பம் அக்கா, மனுவைத் திரும்பப் பெறுவதாக இன்னொரு மனு எழுதிக்கொண்டு ஓடிவந்தார். அதற்கு நம்பர் போட்டு நான் உள்ளே கொண்டுபோனேன். ‘தனியாகப் பரிசீலிக்கப்படும்’ என்று எழுதி வந்தது.

மறுநாள் காலை ஜேசிபி வந்தபோது அவர் உச்சியில் உட்கார்ந்திருந்தார். தெருவே அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஜேசிபி ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் பீடி பற்றவைத்தார். ஹசீனா மேடம் கோப்போடு மேலே ஏறி வந்தார். நான் பின்னால் வந்தேன்.

“அம்மா, முதல் கையெழுத்து நீங்க போட்டதுதானே?”

“ஆமா.”

“நீங்கதானே எடுக்கச் சொன்னீங்க?”

“நான்தான் சொன்னேன். கேட்ட காலத்துல நீங்க குடுக்கல. குடுத்த காலத்துல எங்களுக்கு அது வேண்டியதில்ல. இப்போ வேணும், இப்போ எடுக்கிய.” அவர் சத்தம் போடவில்லை, ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுப் பேசினார். “உங்களயும் குத்தம் சொல்ல முடியாது. நீங்க அப்போ பள்ளிக்கூடத்துல இருந்திருப்பிய.”

ஹசீனா மேடம் பதில் சொல்ல வாயெடுத்தவர், எங்கள் தலைகளுக்கு மேலே கிழக்கே பார்த்துவிட்டார். அப்படியே நின்றார். இசக்கிப்பாண்டி அண்ணாச்சி பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். மேடம் உட்கார்ந்தார். ஒரு டீ ஆறிப்போகும் வரை அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

“இது கோப்புல எங்கேயும் இல்லையே,” என்றார் என்னைப் பார்த்து.

“பத்து சென்டிமீட்டர்னு இருக்கு மேடம்.”

“நான் இதை அப்படியே விட்டுட்டுப் போனா?”

எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். “உங்க இடத்துக்கு வேற ஆள் வருவாங்க. அவங்க எடுப்பாங்க.”

அவர் கோப்பை மடியில் வைத்துப் பிரித்துத் தேதியைப் பார்த்தார். “நாளைன்னைக்கு மாசக் கடைசி. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் மிஷின் ரிப்பேர்னு எழுதிக்கிறேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்மா.”

அன்று பகல் முழுக்கத் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. சோற்றையும் குழம்பையும் மேலேயே காய்ச்சினோம். நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கிவந்தோம். வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்குச் செல்போனில் கடல்காற்றின் சத்தத்தைப் பிடித்துக் கேட்க வைத்தோம். ஜேசிபி ஓட்டுநரும் மேலே வந்து எங்களோடு சாப்பிட்டார், சாப்பிட்டுவிட்டு எல்லோருக்கும் முதுகு காட்டி நின்று கடலைப் பார்த்தார். வெயில் இறங்கியதும் தங்கபுஷ்பம் அக்காதான் முதலில் எழுந்தார். “வாங்க, போலாம். அவரு வேலையக் கெடுக்கக் கூடாது,” என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலடித் தடங்களை மிதிக்காமல் ஓரமாக இறங்கினார். நாங்கள் அவர் பின்னால் இறங்கினோம்.

ஒன்பது நாள் ஆயிற்று. லாரி லாரியாக அள்ளிப் போனார்கள். எங்கே கொட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. பத்தாம் நாள் தெரு தட்டையாக, இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடந்தது. முதலில் வந்தது பள்ளிக்கூட வேன். மில் எதிரில் வந்ததும் ஓட்டுநர் முதல் கியருக்கு மாற்றினார். வேன் முனகிக்கொண்டு, ஏறுகிற மாதிரி ஊர்ந்து, நடுவில் கொஞ்சம் நின்று, பிரேக் பிடித்தபடியே இறங்கி, அப்புறம்தான் வேகமெடுத்தது. பின்னால் வந்த ஆட்டோவும் அப்படித்தான். சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். யாரும் சிரிக்கவில்லை.

நான் அலுவலகத்துக்குக் கிளம்பி வாசலில் நின்றேன். தங்கபுஷ்பம் அக்கா சீருடை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேற்கே போய்க்கொண்டிருந்தார். மில் எதிரில் வந்ததும் உடம்பை முன்னால் சாய்த்து, ஒரு கையால் முழங்காலை அழுத்தி, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தார். பாதியில் நின்றார். மூட்டையை இறக்கினார். திரும்பிக் கிழக்கே பார்த்தார். அங்கே கடைசி வீட்டுச் சுவரும் அதன் மேலே ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. வழக்கமாக எவ்வளவு நேரம் பார்ப்பாரோ அவ்வளவு நேரம் பார்த்தார்.

நான் பக்கத்தில் போனேன். “என்னக்கா?”

“ஒண்ணுமில்ல தம்பி,” என்றார். “மூச்சு வாங்குது.”

எனக்கும் வாங்கியது.